நிற்கும் வண்டியின் பாரம்

(கீழ்வேளூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேடு என்பதே இல்லாதவர் என்ற பொருளில் கேடிலியப்பர் எனத் திருநாமம் பூண்டு, கட்டுமலை போல் உயர்ந்த மாடக்கோயிலின்மேல் இறைவன் எழுந்தருளியிருக்கும் இந்தத் தலத்தில், சம்பந்தரும் அப்பரும் பாடிய பதிகங்களைக் குறித்துப் பேசுவதற்கு என்னைக் காட்டிலும் தகுதியுடையவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பேசக் கேட்கும் பாக்கியம் எனக்கும் பலமுறை கிட்டியிருக்கிறது. நானோ கேடுற்ற ஒரு சிறிய இரும்புத் துண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது இதோ இந்தக் காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது. உள்ளங்கையின் அகலம்கூட இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இது வரிசை வரிசையாக உங்கள் கைகளுக்கு வரும். முறிந்த முகத்தைத் தடவிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருக்கிறது, கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில், கியர் மிதிக்கும் காலுக்குக் கீழே, வண்டியை நிறுத்தும்போது நாம் குதிகாலால் தள்ளி இறக்கும் ஊன்றுகாலைச் சைடு ஸ்டாண்டு என்று இன்று குழந்தைகூடச் சொல்லும். அந்த ஸ்டாண்டு வண்டியின் சட்டகத்தில், அதாவது சேஸிஸில், எந்த இடத்தில் வந்து பூட்டப்படுகிறதோ அந்த இடத்தில் துளையிட்ட இரும்புத் தகடு ஒன்று சட்டகக் குழாயோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் அதைத் தனியே செய்து இரண்டு போல்ட்டுகளால் பூட்டியிருப்பார்கள். பிராக்கெட் என்பது அதன் பெயர். குழாயிலிருந்து காது போல நீண்டு, காதைப் போலவே துளையும் உடையதாக இருப்பதனால் நான் அதைக் காது என்றே சொல்லப்போகிறேன். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகிறோம். சங்கிலிக்கு கிரீஸ் தடவுகிறோம். ஆயுதபூஜைக்கு விளக்கிலிருந்து சக்கரம் வரை சந்தனம் இட்டு மாலை போடுகிறோம். ஆனால் இந்தக் காதைக் குனிந்து பார்த்தவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர் என்று கேட்டால், பட்டறைத் தொழிலாளர்களைத் தவிர வேறு யாரும் கை உயர்த்தமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். பத்து ஆண்டுகள் வண்டி ஓட்டிய நானும் ஒருநாளும் பார்த்தவனல்லன்.

ஓடுகின்ற வண்டியின் பாரத்தைப் பற்றி யோசிக்கும் நாம், நிற்கின்ற வண்டிக்கும் பாரம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். நம் முன்னோர் அதை மறக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்ட பின் ஏர்க்கால் தரையில் குத்திவிடாதபடி முட்டுக்கொடுக்கும் கட்டை ஒன்று இல்லாத பாரவண்டியை நான் சிறுவயதில் கண்டதில்லை. அந்தக் கட்டையின் உறுதியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் வண்டிக்காரர் மூட்டையை இறக்கத் தொடங்குவார். இங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் உள்ள திருவாரூரின் ஆழித்தேரை எண்ணிப் பாருங்கள். 1970ஆம் ஆண்டில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் தடைக்கருவியும் பொருத்திக் கொடுத்த பிறகும், அவ்வளவு பெரிய தேரை வீதி முனையில் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் சரியான கணத்தில் செருகும் மனிதர்களின் சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. வடம் பிடிப்பவர்களை ஊர் முழுவதும் வணங்குகிறது. முட்டுக்கட்டை போடுகிறவர் தேரோடு தேராகக் குனிந்தே நடந்து போய்விடுகிறார். அவரை நினைத்துக்கொண்டுதான் இந்தச் சிறு காதைப் பற்றியும் பேசத் துணிந்தேன்.

முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்தவன் என்ற முறையில், ஒரு சிறு கணக்கை உங்கள் முன் வைக்க அனுமதி கேட்டுக்கொள்கிறேன். 110 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நூறு சிசி வண்டிகளின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதத்தக்க மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், ஸ்டாண்டில் நிற்கும்போது வண்டி 12 பாகை சாய்கிறது என்றும், ஸ்டாண்டின் பாதம் டயர்கள் தரையைத் தொடும் கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்த மையம் 10 சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். ஸ்டாண்டின்மேல் விழும் பாரம் சுமார் 37 கிலோ. இது பெரிதன்று. ஆனால் எழுபது கிலோ எடையுள்ள ஒருவர், சிநேகிதருக்காகக் காத்திருக்கும் வேளையில், வண்டியைச் சாய்வு மாறாமல் அப்படியே ஸ்டாண்டில் விட்டுவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார் என்று வையுங்கள். அவருடைய உடலின் மையம் உயரத்தில் இருப்பதனால் சாய்வினால் வரும் விலகலும் அதிகம்; அவர் ஒருவரால் மட்டும் ஸ்டாண்டின்மேல் இன்னும் 44 கிலோ ஏறுகிறது. இடப்பக்கத்து ஃபுட்ரெஸ்டின்மேல் ஏறி நின்று பின்னால் மூட்டை கட்டுகிறவர்களோ தம் எடையைக் கிட்டத்தட்ட முழுவதுமாகவே ஸ்டாண்டிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பாரத்தைக் காது அப்படியே நேராக வாங்குவதில்லை என்பதுதான் விஷயம். ஸ்டாண்டு வெளிப்புறமாகச் சாய்ந்து ஊன்றுவதால், அதன் பாதம் காதைவிட்டு 15 சென்டிமீட்டர் அப்பால் இருக்கிறது. காதோ அதைத் தன் 3 சென்டிமீட்டர் அகலத்தில் எதிர்த்துப் பிடித்தாக வேண்டும். கடப்பாரையால் பாறையை நெம்பும் அதே நியாயம்தான். 37 கிலோ என்றது காதின் விளிம்பில் 185 கிலோ ஆகிறது. ஆள் உட்கார்ந்த நிலையில் 81 கிலோ என்றது 405 ஆகிறது. வண்டிக்கு வண்டி இந்த அளவுகள் கொஞ்சம் மாறலாம். ஆனால் சிநேகிதருக்காகக் காத்திருந்த அந்தப் பத்து நிமிஷமும் அவருடைய வண்டியின் வயிற்றுக்கடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

இனி என்னுடைய அநுபவத்துக்கு வருகிறேன். ஓர் ஐப்பசி மாதத்தில், குறுவை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் மூட்டைகள் தார்ப்பாயின் அடியில் காத்துக்கிடந்த நாட்களில், வீட்டுத் தேவைக்கென்று எடுத்துவைத்திருந்த நாற்பது கிலோ மூட்டை ஒன்றைப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டு அரவை மில்லுக்குப் போனேன். மில்லில் கூட்டம். மழை ஓய்ந்து சற்று நேரமே ஆகியிருந்த சாலையோரத்துக் களிமண்ணில் ஸ்டாண்டைப் போட்டு, மூட்டையை இறக்காமலே வண்டியை நிறுத்திவிட்டு, தெரிந்தவர் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றேன். நம் ஊர்க் களிமண்ணின் ஸ்வபாவம் உங்களுக்குத் தெரியாததன்று. கோடையில் கல்லாக இறுகி வெடித்துக் கிடக்கும் அதே மண், ஒரு மழைக்குப் பிறகு எதை வைத்தாலும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டாண்டின் பாதம் மெல்லப் புதைந்தது. வண்டி மேலும் சாய்ந்தது. டப் என்று ஒரு சப்தம். திரும்பிப் பார்த்தபோது வண்டி சேற்றில் கிடந்தது. மூட்டை கிழிந்து நெல் சிதறியிருந்தது. ஸ்டாண்டு தனியாக, ஸ்பிரிங்கின் கொக்கியில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

அருகில் இருந்த ஒரு பட்டறையில், அவசரம் என்று நானே வற்புறுத்தியதனால், பெயிண்டும் சேறும் இருந்த இடத்திலேயே வெல்டிங் ராடை வைத்து இழுத்து, ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக்கொடுத்தார்கள். ஒட்டிய மறுகணம், பழுக்கக் காய்ந்திருந்த இரும்பின்மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினார்கள். மேற்பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நாள் ஒட்டின் ஓரத்தில் மறுபடி முறிந்தது. இந்த முறை ஓடும்போது முறிந்தது. தொங்கிய ஸ்டாண்டு இடப்பக்கத் திருப்பம் ஒன்றில் தரையைக் குத்தியிருந்தால் இன்று உங்கள் முன் நின்று பேசுகிறவர் வேறு ஒருவராக இருந்திருப்பார். நேர்ச் சாலையில் கழன்று உராய்ந்த சப்தம் கேட்டு நிறுத்தியதனால் தப்பினேன்.

இரண்டாம் முறை நான் போனது வேறொரு பட்டறை. அந்தத் தொழிலாளி இந்தச் சபையிலேயே பின்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதனால் சொல்லவில்லை. அவருடைய தகப்பனார் பாரவண்டிகளுக்குச் சக்கரப் பட்டை ஏற்றியவர். வரட்டி அடுக்கி நெருப்பு மூட்டி, பட்டை சிவந்ததும் இடுக்கியால் எடுத்துச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றும் காட்சியை நான் நின்று பார்த்திருக்கிறேன். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் தயாராகத் தொடங்கிய காலத்தில் மோட்டார் சைக்கிள் என்பது மிராசுதாரர் வீட்டு வாசலில் நிற்கும் அபூர்வ வஸ்து. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்து, பின்னர் நூறு சிசி வண்டிகளும் வரிசையாக வந்த பிறகு, வயலுக்கும் சந்தைக்கும் அதுவே வாகனம் ஆயிற்று. பாரவண்டிகள் மறைந்தன, பட்டை ஏற்றிய குடும்பங்கள் வெல்டிங் பட்டறை வைத்தன.

அவர் என் வண்டியைப் பார்த்ததும் ராடை எடுக்கவில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முறிந்த துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சார், இது இப்ப ஒடைஞ்சதுன்னு நெனைக்காதீங்க. ரொம்ப நாளா ஒடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.”

அந்தத் துண்டுதான் இப்போது உங்கள் கைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முறிந்த முகத்தில் இரண்டு நிறங்களைக் காண்பீர்கள். ஒரு பாதி கறுத்து, துருப்பிடித்து, நாகப்பட்டினம் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது ஈர மணலில் விட்டுச்செல்லுமே, அப்படிப்பட்ட வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடையதாக இருக்கும். மறுபாதி சொரசொரப்பாக, உப்புப் பரல்போல் மினுக்கும். அந்த மினுக்கும் பகுதிதான் கடைசி நாளில் ஒரே அடியாக முறிந்தது. கறுத்த பகுதியோ அதற்கு முன் பல மாதங்களாக, ஒவ்வொரு முறை பாரம் ஏறும்போதும் மயிரிழை மயிரிழையாகப் பிளந்துகொண்டே வந்தது. அந்தப் பிளவில் மழைநீர் புகுந்து துருவேறியதனால்தான் கறுப்பு.

இந்த ரகசியம் உலகத்துக்குச் சுலபமாகத் தெரிந்துவிடவில்லை. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றி, ஐம்பதுக்குக் குறையாத பேர் மாண்டுபோனார்கள். நல்ல இரும்பு, நேற்று வரை பாரம் தாங்கிய இரும்பு, ஏன் திடீரென்று முறிய வேண்டும் என்ற கேள்வி ஐரோப்பிய எஞ்சினீயர்களை வாட்டியது. ஜெர்மனியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த ஆகுஸ்ட் வோலர் என்பவர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பரிசோதித்து, ஒரே தடவையில் முறிப்பதற்குத் தேவையான பாரத்தைக் காட்டிலும் மிகக் குறைந்த பாரம்கூடத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பை முறித்துவிடும் என்று நிரூபித்தார். உலோகச் சோர்வு என்று அதை இப்போது சொல்கிறோம். வகுப்பறையில் பல தடவை நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் கையில் பிடித்துப் பார்த்தது இந்தப் பட்டறையில்தான்.

துண்டைப் பார்த்து முடித்த பிறகு அவர் என்னைக் கேட்டது எனக்கு மறக்காது. “சார், வாத்தியாருன்னு சொன்னாங்க. பையில சாக்பீஸ் இருக்கா?”

ஓய்வுபெற்று ஆண்டுகள் ஆகியும் என் பையில் ஒரு துண்டு இருந்தது. அவர் சட்டகக் குழாயை மண்ணெண்ணெய் தோய்ந்த பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சற்று ஊறவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்தார். பிறகு சாக்பீஸை உப்புத்தாளில் உரைத்துத் தூளாக்கி, துடைத்த இடத்தில் மெல்லியதாகத் தூவி ஊதிவிட்டார். குழாய் வெள்ளையாக நின்றது. நாங்கள் இருவரும் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மூன்று நிமிஷத்தில், வெள்ளைத் தூளின்மேல், பழைய ஒட்டின் ஓரத்திலிருந்து புறப்பட்டுக் குழாயின் பக்கவாட்டில் ஒரு விரற்கடை நீளத்துக்கு, ஈரமான மெல்லிய கோடு ஒன்று தானாக எழுதிக்கொண்டது. பிளவுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் சுண்ணத்தில் ஊறி வெளிவந்ததுதான் அது. காது மட்டும் உடையவில்லை. அது பிடித்திருந்த எலும்பும் விண்டுபோயிருந்தது. முதல் பட்டறையில் போட்ட ஒட்டு எவ்வளவு கெட்டியாக இருந்திருந்தாலும் பயன் இல்லை. விண்ட சுவரில் ஆணி அடித்த கதைதான்.

அதன்பிறகு நடந்த வேலையை ஒவ்வொன்றாக விவரிக்க நேரம் இல்லை. தொழில் தெரிந்த இளைஞர்கள் கவனிக்கத்தக்க சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டாங்கை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்த பிறகே வெல்டிங் மெஷினை அருகில் இழுத்தார். ஸ்டாண்டின் ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்குப் பையன் ஒருவன் செய்த யுக்தி என் கண்ணிலேயே நிற்கிறது: ஸ்பிரிங் விரிந்திருக்கும் நிலையில் அதன் சுருள்களின் இடைவெளியில் ஒவ்வொன்றாக ஒற்றை ரூபாய் நாணயங்களைச் செருகினான்; ஸ்பிரிங்கால் மறுபடி சுருங்க முடியவில்லை; கொக்கியை விரலாலேயே எடுத்துவிட்டான். குறட்டைப் போட்டு இழுத்து நகத்தைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பிளவின் நுனியைக் கண்டுபிடித்து, அந்த நுனியிலேயே மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை போட்டார். ஓட்டையை அடைக்க வந்த இடத்தில் இன்னொரு ஓட்டையா என்று நினைக்கத் தோன்றும். பிளவின் கூர்மையான நுனியில்தான் விசை முழுவதும் குவிகிறது. அந்த நுனியை வட்டமாக்கிவிட்டால் பிளவு மேலே ஓட வழியில்லாமல் நின்றுவிடுகிறது. பழைய ஒட்டை முழுவதும் கிரைண்டரால் நீக்கி, பிளவு நெடுகிலும் வாய்க்கால் போல ஒரு சாய்வு வெட்டி, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை பெயிண்ட்டையும் எண்ணெயையும் துடைத்தெடுத்தார். எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு ஒரு சாண் அருகில், சுத்தமான இரும்பில் பிடித்தார். அதைச் சக்கரத்திலோ கைப்பிடியிலோ மாட்டிவிட்டால் மின்சாரம் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றின் குண்டுகளைப் பொரித்துவிடும். ஒரு மாதம் கழித்துச் சக்கரம் சப்தம் போடும்போது காரணம் யாருக்கும் விளங்காது.

புதுக் காதுக்கு எந்த இரும்பு என்பதில் அவர் காட்டிய பிடிவாதத்தை நான் விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் ஜன்மத்துக்கும் உடையாது என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், இந்தப் பிரதேசத்தில் அரிவாளுக்கு லாரிப் பட்டைக்கு மேல் இரும்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எந்தக் கரிச்சத்து அரிவாளுக்குக் கூர்மையைத் தருகிறதோ, அதே கரிச்சத்து வெல்டிங் சூட்டில் வெந்து ஆறும்போது ஒட்டின் ஓரத்தைக் கண்ணாடி போல் நொறுங்கத் தக்கதாக்கிவிடுகிறது. கடினம் வேறு, உறுதி வேறு. அவர் ஆறு மில்லிமீட்டர் சாதா இரும்புத் தகட்டைத்தான் வெட்டினார். முதல் ஒட்டில் தண்ணீர் ஊற்றியதும் இதே குற்றத்தின் இன்னொரு வடிவம்: திடீரென்று குளிர்ந்த இரும்பு உள்ளுக்குள்ளேயே இறுகி இழுபட்டு நிற்கும். தகப்பனார் சக்கரப் பட்டைக்குத் தண்ணீர் ஊற்றியது, பட்டை சுருங்கி மரத்தை இறுக்க வேண்டும் என்பதற்காக. இங்கே சுருக்கமே சத்துரு. எந்த இடத்தில் தண்ணீர், எந்த இடத்தில் காற்று என்பதை அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறையாக அறிந்து வைத்திருக்கிறது.

பூச்சு பூசிய வெல்டிங் ராடுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஸ்வீடன் தேசத்துத் துறைமுகமான கோதன்பர்க்கில் கப்பல்களின் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும்போது, வெறும் கம்பியால் போட்ட ஒட்டு காற்றோடு கலந்து புரையோடிப் போவதைக் கண்டு வருந்திய ஆஸ்கார் ஷெல்பெரி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது அது. பூச்சு எரிந்து புகையாகி, உருகிய இரும்பைச் சுற்றிக் காற்று அண்டாமல் காக்கிறது. அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிட்டால் ஒட்டில் துவாரங்கள் விழும். நம்முடைய ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து கிடக்கும் ராடு எவ்வளவு ஈரம் குடித்திருக்கும்! எங்கள் தொழிலாளி ராடுக் கட்டை அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார். தேவையானபோது இரண்டு மூன்று எடுத்தார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தகட்டை முழுவதும் ஒட்டிவிடாமல், நான்கு இடங்களில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் ஒட்டி, ஸ்டாண்டை மாட்டி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, வண்டி எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தார். ஸ்டாண்டு போதிய சாய்வின்றி வண்டியை நிமிர்த்தி நிறுத்தினால், தெருவில் போகிற ஆடு உரசினால்கூட வலப்பக்கம் விழுந்துவிடும். அதிகமாகச் சாய்த்தால், நாம் முன்பு போட்ட கணக்கின்படி, காதின் பாரம் மளமளவென்று ஏறிவிடும். அதோடு, ஸ்டாண்டு இறங்கி நிற்கும்போது அதன் பாதம் பூட்டுமுனைக்கு, அதாவது காதில் பூட்டிய முனைக்கு, சற்று முன்னால் ஊன்ற வேண்டும். அப்போதுதான் வண்டி தற்செயலாகப் பின்னோக்கி நகர முயன்றால் ஸ்டாண்டு மேலும் விரிந்து தடையில் முட்டி நிற்கும். சரிவில் வண்டியின் முகம் பள்ளத்தை நோக்கியிருந்தால் ஸ்டாண்டு மடங்கிவிடக்கூடும். அங்கே கியரில் போட்டு நிறுத்துவதுதான் ஜாக்கிரதை. ஸ்பிரிங் மாட்டும் ஆணியின் இடமும் அப்படியே முக்கியம். ஸ்டாண்டை மடக்கும்போது ஸ்பிரிங் இழுக்கும் கோடு பூட்டுமுனைக்கு ஒரு பக்கமும், இறக்கும்போது மறுபக்கமும் விழ வேண்டும். அதனால்தான் ஒரே ஸ்பிரிங் மேலேயும் பிடிக்கிறது, கீழேயும் பிடிக்கிறது. ஆணி கால் அங்குலம் தவறினால் ஸ்டாண்டு பாதியில் தொங்கும். இரண்டு தடவை பொட்டை உடைத்து மறுபடி வைத்தார். மூன்றாம் தடவைதான் தலையை ஆட்டினார்.

பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் சூடு இழுத்துக் குழாயை வளைத்துவிடும். கசடைத் தட்டி எடுத்து, ஒவ்வோர் ஒட்டையும் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைப் போட்டார். முடிந்ததும், அழகுக்காக ஒட்டைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும் என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். தேய்த்தால் பிடிமானமும் தேய்ந்துபோகும் என்பது காரணம். ஆறிய பிறகு ரெட் ஆக்ஸைடு பூசி, அது உலர்ந்ததும் கறுப்புப் பெயிண்ட். பூட்டுப் போல்ட்டில் கிரீஸ். ஸ்டாண்டு தாராளமாக ஆடும் அளவுக்கு இறுக்கி, அதன்மேல் இன்னொரு நட்டு. வேலைக்கு அரைநாள் ஆயிற்று. அவர் கேட்ட கூலி, முதல் பட்டறையில் ஐந்து நிமிஷத்துக்கு வாங்கியதைப் போல் இரண்டு மடங்குகூட இல்லை. எனக்கு அது இன்றுவரை மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

எல்லாக் காதுகளுக்கும் இவ்வளவு பெரிய வைத்தியம் தேவையில்லை. துளை மட்டும் தேய்ந்து முட்டை வடிவமாகி ஸ்டாண்டு ஆடுகிறது என்றால், லேத்தில் புஷ் கடைந்து போட்டால் போதும். போல்ட்டால் பூட்டிய பிராக்கெட்டாக இருந்தால் புதிதாக வாங்கி மாற்றுவதே உத்தமம். வளைந்த காதை ஒரு தடவை காய்ச்சி நிமிர்த்தலாம். இரண்டாம் தடவையும் வளைந்தால் அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். சட்டகம் பல இடங்களில் விண்டிருந்தாலோ, சேஸிஸ் எண் பொறித்த பாகத்தின் அருகில் கைவைக்க வேண்டியிருந்தாலோ, அங்கே பட்டறையோடு நிற்கக்கூடாது. அந்த எண்தான் பதிவுச் சான்றிதழில் உங்கள் வண்டியின் ஜாதகம்.

2020இல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்ததை ஒட்டி வெளியான பல வண்டிகளில், ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் சுவிட்ச் ஒன்றைக் காதிலேயே பொருத்தியிருக்கிறார்கள். காது வளைந்தால் அந்தச் சுவிட்ச் குழம்பி, நடுச்சாலையில் எஞ்சினை நிறுத்திவிடும். உடனே ஒயரை வெட்டி நேராக முறுக்கிவிடுவது பல இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. இளைஞர்களே, இதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்டாண்டை மடக்க மறந்து புறப்பட்டு, முதல் இடப்பக்கத் திருப்பத்தில் விழுந்தவர்களின் குடும்பங்களை நான் அறிவேன். காதை நிமிர்த்துங்கள்; சுவிட்ச் தானாகச் சரியாகும்.

நம் பிரதேசத்துக்கே உரிய சத்துருக்கள் இரண்டு உண்டு. ஒன்று சேறு: வரப்போரப் பாதையில் ஓடும்போது அடியில் அப்பிய களிமண் காதுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மூலையில் பதுங்கி, வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். மற்றொன்று உப்பு: கடற்காற்று நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. விடியற்காலையில் நாகப்பட்டினத்திலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும் வியாபாரிகளின் வண்டிகளைக் குனிந்து பாருங்கள். ஐஸ் உருகிய உப்புநீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, சட்டகத்தின் அடிப்பாகம் அடை அடையாக உரிந்து நிற்கும். அவர்களில் அநேகர் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள். வண்டி ஒருநாள் படுத்தால் அன்று வீட்டில் அடுப்பு இல்லை. மாலையில் ஒரு வாளி நல்ல தண்ணீரை அடிப்பாகத்தில் வீசி ஊற்றுவதும், மாதம் ஒருமுறை அந்த மூலையில் பழைய எஞ்சின் ஆயிலைத் துணியால் தொட்டு வைப்பதும் செலவில்லாத காரியங்கள். வயலோரத்தில் நிறுத்தும்போது ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் ஓட்டுச் சில்லையோ பலகைத் துண்டையோ வையுங்கள். ஒரு தென்னை மட்டையின் அடித்துண்டு போதும். என் வண்டியின் பக்கப் பெட்டியில் எப்போதும் ஒன்று கிடக்கிறது.

துண்டு முன்வரிசைக்குத் திரும்பி வந்துவிட்டது. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே வாசலில் இருபது முப்பது வண்டிகள் நிற்கின்றன. பெரும்பாலானவை சைடு ஸ்டாண்டில்தான் நிற்கின்றன. நம் தொழிலாளி மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு வந்திருக்கிறார். அவைத் தலைவர் அனுமதித்தால், நன்றியுரை முடிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவிடலாம். சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது.